இல்லை என்றும் சொல்ல மாட்டேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. இதில் வரும் பெயர்களில் ஒன்றுகூட உண்மைப் பெயர் இல்லை. என் பெயர் வெர்னா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஹாலிஃபாக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு துறைமுகமாக இருந்தாலும் மூடுபனி ஒன்றுதான். நாரை யார் என்று மட்டும் கேட்காதீர்கள். ஆணா பெண்ணா, எந்த நாடு, எதையும் சொல்ல மாட்டேன். உங்கள் மேல் சந்தேகம் என்று இல்லை. ஆனால் உங்களை எனக்குத் தெரியாது, இல்லையா?

பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் இருபத்திரண்டு வருடமாக எழுத்துத் திருத்தும் வேலை பார்க்கிறேன். கணக்கு எனக்குச் சுத்தமாக வராது, பள்ளியில் இரண்டு முறை கோட்டை விட்டவள். ஆனால் இந்தப் பெரிய மூளைக்காரர்கள் எழுதிக்கொண்டு வருவதைப் படித்தால் எனக்கு அழுகை வரும். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அரைப் பக்கம் ஓடும். நான் பச்சைப் பென்சிலை எடுத்து வெட்டு வெட்டென்று வெட்டுவேன். சொல்ல வந்ததைப் போட்டு உடை, அடுத்ததற்குப் போ. இதுதான் என் வழி. துறையில் நான்கு பேருக்குத் திருத்தித் தருகிறேன். ஒருவர் கடலுக்குள் ஒலி அனுப்பி மீன் எண்ணுகிறவர். ஒருவருக்கு மருத்துவமனைக் கணினிகள். ஒருவருக்குப் புயல். நான்காமவர்தான் நாரை.

நாரை என்பது புனைபெயர். இணையத்தில் வேவு பார்க்கிறவன் கண்ணில் படாமல் போய்வர ஒரு வலை இருக்கிறது. கடிதத்தை மூன்று உறைக்குள் போட்டு மூன்று அந்நியர்கள் கை மாற்றி அனுப்புவது மாதிரி. யாருக்கும் முழு வழி தெரியாது. சில அரசாங்கங்களுக்கு அந்த வலையைக் கண்டால் ஆகாது, கிழிக்கப் பார்ப்பார்கள். எப்படிக் கிழிக்கிறார்கள் என்று கண்டுபிடித்து எழுதுவதும் அதைத் தைக்க வழி சொல்வதும் நாரையின் ஆராய்ச்சி. அப்படி மூன்று முறை மூக்கறுபட்டது நாரை பிறந்த நாட்டின் அரசாங்கம். அந்த நாட்டில் நாரையின் அம்மா இருக்கிறார், எழுபத்தாறு வயது. பெற்ற பிள்ளைதான் நாரை என்று தெரிந்தால் அவர்கள் முதலில் வந்து தட்டப்போவது அந்த அம்மாவின் கதவை.

இது நாரைக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவது ஆள் கிடையாது. அவர் கட்டுரையைக் கணினி வழியாக எனக்கு அனுப்பியதே இல்லை. அச்செடுத்துக் கையில் கொண்டுவருவார். நான் பச்சைப் பென்சிலால் கிறுக்கித் தருவேன். அவர் போய்ச் சரிசெய்துவிட்டுத் தாளைத் திரும்பக் கொண்டுவருவார். என் எதிரிலேயே அதை இயந்திரத்தில் போட்டுப் பொடியாக்குவோம்.

இந்த ஆராய்ச்சிக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு. கழுத்து அட்டையில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சிவப்புக் கயிறு போட்டவரைப் படம் எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ‘நீதானே அந்த ஆள்?’ என்று யார் கேட்டாலும் பதில் கிடையாது. ஆமாம் என்றும் கூடாது, இல்லை என்றும் கூடாது. சம்பந்தமே இல்லாதவர்கூட இல்லை என்று சொல்லக் கூடாது.

முதல்முறை கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கூட்டத்தை நடத்துகிற பிலார் சிரிக்கவில்லை.

"அஞ்சு பேர் மேல சந்தேகம்னு வை வெர்னா. நாலு பேர் ரோஷமா ‘நான் இல்லப்பா’ன்னு ஒதுங்கிட்டா, அஞ்சாவது ஆள் நடுத்தெருவுல நிக்கறாரு. அப்படி ஒருத்தரை நாங்களே மாட்டிவிட்டிருக்கோம். யாரும் காட்டிக்கொடுக்கலை. எல்லாரும் உண்மையைத்தான் சொன்னாங்க. எல்லாரும் நல்லவங்க."

அந்த ஐந்தாவது ஆள் என்ன ஆனார் என்று கேட்டேன். பிலார் காபி எடுக்கப் போய்விட்டாள்.

சென்ற வருடம் ஜூனில் கூட்டம் எங்கள் ஊரில் நடந்தது. வாசல் மேசை என் பொறுப்பு. இரண்டாம் நாள் பகல் உணவுக்கு முந்தின பேச்சு விட்லாக் என்ற இளைஞனுடையது. மேற்குக் கரையிலிருந்து வந்தவன். நல்ல பையன் மாதிரித்தான் இருந்தான், என்னிடம் இரண்டு தடவை நன்றி சொன்னான். எழுத்து நடையை வைத்து எழுதியவரைக் கண்டுபிடிக்கிற நிரல் ஒன்றை எழுதியிருந்தான். அதைப் பற்றிப் பேச்சு. கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன் என்றான். எனக்கு ஆச்சரியங்கள் ஆகாது. கதவோரம் போய் நின்றேன்.

திரையில் இரண்டு பத்தி வந்தது. ஒன்று நாரையின் கட்டுரையிலிருந்து. இன்னொன்று எங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு வந்த வாசகர் கடிதம், படகுத்துறையில் பனி உருக உப்புப் போடாததால் மூன்று பேர் வழுக்கி விழுந்ததைப் பற்றி. கடிதம் முடிகிற இடத்தில், ‘நம்பாதவர்கள் தாங்களே வந்து நடந்து பார்க்கட்டும்’ என்று இருந்தது. கட்டுரை முடிகிற இடத்தில், ‘நம்பாதவர்கள் தாங்களே எண்ணிப் பார்க்கட்டும்’ என்று இருந்தது.

இரண்டு கடைசி வரியும் நான் எழுதியது.

பதினேழு வருடத்தில் பத்திரிகைக்கு நாற்பத்தொன்பது கடிதம் போட்டிருக்கிறேன். பனி அள்ளாததற்கு, குப்பை எடுக்காததற்கு, படகு தாமதமானதற்கு. என் பெயரோடுதான். அந்த நாற்பத்தொன்பதையும் இவன் நிரல் தின்று செரித்திருக்கிறது. குட்டையான வாக்கியம், வெடுக்கென்ற முடிவு, சண்டைக்கு வருகிற தோரணை. நாரையின் ஆராய்ச்சிக்கு மேலே என் கோபம் பூசப்பட்டிருந்தது. தைத்தவரை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலைப் பிடித்துவிட்டான் மடையன்!

அடுத்த படம் என் முகம். துறையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்தது, இரட்டைத் தாடையோடு. கீழே, ‘நாரை: தொண்ணூற்று நான்கு விழுக்காடு உறுதி’ என்று போட்டிருந்தான்.

அரங்கில் யாரோ "சீ!" என்றார்கள். யாரோ "படத்தை எடுடா!" என்று கத்தினார்கள். பிலார் ஓடிப்போய்ப் படம் காட்டும் கருவியின் ஒயரைப் பிடுங்கினாள். பின்வரிசையில் ஒரு குரல் சிரித்துக்கொண்டே, "காபி வைக்கற அந்தம்மாவா?" என்றது. எனக்குச் சுருக்கென்றது. ஏன், நான் நாரையாக இருக்கக் கூடாதா?

விட்லாக்கின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் விடவில்லை.

"நான் பண்ணது தப்புன்னா மன்னிச்சுக்குங்க. என் நிரலே தப்பா இருக்கலாம். வெர்னா, நீங்க இல்லைன்னா இல்லைன்னு ஒரே வார்த்தை சொல்லிடுங்க. இங்கயே, இப்பவே எல்லாத்தையும் அழிச்சுடறேன்."

நூற்றிருபது தலை என் பக்கம் திரும்பியது. எவ்வளவு சுலபமான வார்த்தை! சொன்னால் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஆனால் விட்லாக் முட்டாள் இல்லை. அரை நிமிடத்தில் அடுத்ததைக் கேட்பான்: அப்படியானால் நீங்கள் யாருக்குத் திருத்திக் கொடுக்கிறீர்கள்? மீனைத் தள்ளு, மருத்துவமனையைத் தள்ளு, புயலைத் தள்ளு. மிச்சம் ஒருவர்.

அந்த ஒருவர் இடது பக்கம் எங்கோ உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஆனால் ஒரு நாற்காலி கிறீச்சிடுவது காதில் விழுந்தது. எழுந்து நின்று ‘அவரை விடு, நான்தான்’ என்று சொல்லக்கூடிய பிறவி அவர். அந்த நாற்காலி இன்னொரு தடவை கிறீச்சிடுவதற்குள் நான் வாயைத் திறந்துவிட வேண்டும்.

"தம்பி," என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக. "நான் ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். நாளைக்குக் கேட்டாலும் இதுதான். நீதிமன்றத்துல நிறுத்திக் கேட்டாலும் இதுதான்."

"ஓட்டை இருந்தா காட்டறதுதானே நம்ம தொழில்? என்னால முடிஞ்சா ஒரு அரசாங்கத்தால முடியாதா?"

"பூட்டு சரியில்லைன்னா வீட்டுக்காரர் காதுல சொல்லு. தெருவுல நின்னுக்கிட்டு ‘கதவு திறந்திருக்கு, வாங்க வாங்க’ன்னு கூவாதே. அந்த வீட்டுக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா? வயசானவங்க இருக்காங்களா, நோயாளி இருக்காங்களான்னு எட்டிப் பார்த்தியா? தொண்ணூத்து நாலுன்னு எண்ணத் தெரிஞ்சது. இது தெரியலையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் அந்த அளவுக்கு யோசிக்கலை," என்றான்.

"அது தெரியுது. அப்புறம், அந்தப் படத்துல எனக்கு ரெட்டைத் தாடை. அதுக்குத் தனியா ஒருநாள் உன்னைக் கவனிச்சுக்கறேன். எல்லாரும் சாப்பிடப் போங்க, சூப் ஆறுது."

போனார்கள். அந்த ஒரு நாற்காலி தனியாகக் கிறீச்சிடவில்லை.

விட்லாக் தன் கட்டுரையை அன்று மாலையே திரும்ப வாங்கிக்கொண்டான். என்ன பயன்? அரங்கில் இருந்த ஒருவர் அதற்குள் இணையத்தில் எழுதிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவிலிருந்து ஒருவர் மறுப்பு அறிக்கை தயாரித்துக்கொண்டு வந்தார், கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். பேனா இல்லை என்றேன். பேனாவை நீட்டினார். கை வலிக்கிறது என்றேன்.

மறுநாள் காலை நகல் எடுக்கும் அறையில் நாரை என்னைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நான் சொல்லிடறேன் வெர்னா. உங்களை இதுல விட்டுட்டு என்னால தூங்க முடியாது."

"தூங்காதீங்க. உட்கார்ந்து அடுத்த கட்டுரையை எழுதுங்க."

"உங்களுக்குத் தெரியாது. கூப்பிடுவாங்க. வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க."

"வரட்டும். உள்ளே கூப்பிட்டு உட்காரவச்சா என் புருஷன் படகு என்ஜின் கதை சொல்லுவான். தானா ஓடிப்போவாங்க."

அவர் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க. உங்களை என்ன வேணும்னாலும் பண்ணுவாங்க."

"என்ன பண்ண முடியும்? எங்க அம்மா செத்துப் பதினாறு வருஷம் ஆச்சு. உங்க நாட்டுல என்னோட ஆள்னு ஒரு பூனைகூடக் கிடையாது. என்னை வச்சு யாரையும் பிடிக்க முடியாது. உங்களுக்கு அப்படியா? வாயைத் திறந்தீங்கன்னா உங்க அடுத்த கட்டுரைல ஒரு வாக்கியத்தைக்கூட வெட்ட மாட்டேன், அப்படியே போய் மானம் போகட்டும்."

அதற்குத்தான் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். நான் நகல் இயந்திரத்தை ஓடவிட்டேன், வெளியே சத்தம் கேட்கக் கூடாது என்று.

வெளியாட்களை நான் சமாளித்துவிடுவேன். நான் பயந்தது லாக்கிக்கு.

லாக்கி என் வீட்டுக்காரன். துறைமுகப் படகில் முப்பது வருடம் என்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவன். தங்கமான மனுஷன், வாய் மட்டும் ஓட்டை. அவன் காதில் ஒன்று விழுந்தால் அன்று மாலையே ஊர்க்காரர் எல்லாம் கூடுகிற முன்னாள் படைவீரர் மன்றத்துச் சீட்டு மேசையில் விழும். மறுநாள் துறைமுகத்துக் கடற்புறாவுக்கெல்லாம் தெரியும். கூட்டம் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அவன் சமையலறையில் தொப்பியைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான்.

"மன்றத்துல டக்கி அவன் போன்ல காட்டினான். உன் மூஞ்சி. கீழே ஏதோ பறவை பேரு. வெளிநாட்டு அரசாங்கமெல்லாம் உன்னைத் தேடுதாமே?"

"சாப்பிட்டியா?"

"பேச்சை மாத்தாதே வெர்னா. நீயா?"

நான் உருளைக்கிழங்கை உரிக்க ஆரம்பித்தேன்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். போய் அவனுங்க வாயை அடைச்சுட்டு வரேன்."

அதுதானே பயமே! ‘என் பொண்டாட்டி வெறும் பிழை திருத்தறவடா’ என்று மார்தட்டுவான். யாருக்குத் திருத்துகிறாள் என்று எவனாவது கேட்பான். நாரை எங்கள் வீட்டில் இரண்டு சனிக்கிழமை வந்து பீன்ஸ் சாப்பிட்டவர். லாக்கி அவருக்குப் பழைய என்ஜின் படமெல்லாம் காட்டியிருக்கிறான். அந்தப் பெயர் அவன் நாக்கு நுனியில் இருக்கிறது, அதுதான் அந்தப் பெயர் என்பது மட்டும் தெரியாது.

"சொல்ல மாட்டேன் லாக்கி."

"முப்பத்தொரு வருஷம். நீ குறட்டை விட்டா எந்தப் பக்கம் திருப்பிவிடணும்னு எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியக் கூடாதா?"

"கூடாது."

"அப்ப என்னை நம்பலை."

"உன்னை நம்பறேன். உன் வாயைத்தான் நம்பலை."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் தொப்பியோடு கீழ்த்தளத்துக்குப் போனான். அங்கே பழைய சோபா ஒன்று இருக்கிறது, அதில்தான் படுத்தான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். காலையில் காபி போட்டு எனக்கும் ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போவான், முகத்தைப் பார்க்க மாட்டான். மன்றத்துக்கும் போகவில்லை. போனால் கேட்பார்கள், அவனிடம் பதில் இல்லை. மனைவி யார் என்று தெரியாத புருஷன் என்று சிரிப்பார்கள். என்னால் தாங்க முடியவில்லை. மூன்று முறை கீழ்த்தளத்துப் படி வரைக்கும் போய்த் திரும்பிவந்தேன். ஒரே வார்த்தை. சொன்னால் என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைப்பான். மறுபக்கத்தில் நாரையின் எழுபத்தாறு வயது அம்மா. நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை. கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். மாடியில் போய்ப் பத்திரிகைக்கு ஐம்பதாவது கடிதத்தை எழுதினேன், தெருவிளக்கு எரியாததைப் பற்றி. வேண்டுமென்றே என் நடையிலேயே எழுதினேன். வந்து பொருத்திப் பார்த்துக்கொள்ளட்டும்!

சனிக்கிழமை வந்தது. என்ன சண்டை என்றாலும் எங்கள் வீட்டில் சனிக்கிழமை பீன்ஸும் கறுப்பு ரொட்டியும் உண்டு. ஆறு மணிக்கு லாக்கி மேலே வந்து எதிரில் உட்கார்ந்தான். அவன் முதல் வாய் எடுக்கும்போது போன் அடித்தது. அவன் பக்கத்தில் இருந்ததால் அவன் எடுத்தான்.

என்ஜின் அறையில் காதைத் தொலைத்தவன் அவன், எங்கள் போன் எப்போதும் உச்சச் சத்தத்தில்தான் இருக்கும். மறுமுனையில் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மரியாதையான ஆண் குரல். அந்த உச்சரிப்பு எந்த நாட்டினுடையது என்று எனக்குத் தெரியும். வாரம் ஒரு முறை என் மேசைக்கு எதிரில் அதே உச்சரிப்பைக் கேட்கிறேன்.

"ஐயா, பத்திரிகைலேருந்து பேசறேன். உங்க மனைவியைப் பத்தித் தப்பான செய்தி வந்திருக்கு. பாவம், அவங்களுக்கு எவ்வளவு தொந்தரவு. சரிபண்ணிடலாம்னு பார்க்கறோம்."

"எந்தப் பத்திரிகை?"

அவன் அடுத்ததற்குத் தாவினான். "அவங்க ஆராய்ச்சி பண்றவங்க இல்லைதானே? மத்தவங்க எழுதினதைத் திருத்தித்தானே தராங்க?"

லாக்கி என்னைப் பார்த்தான். நான்கு நாளில் முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தான். என் கையில் கரண்டி. நான் தலையை ஆட்டவில்லை, கண்ணைக்கூட ஆட்டவில்லை. ஆட்டினால் அதுவும் ஒரு பதில்.

"யாருக்குத் திருத்தித் தராங்கன்னு மட்டும் சொல்லுங்க ஐயா. ஒரே ஒரு பேரு. அப்புறம் உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

லாக்கி எதையும் மெதுவாகத்தான் யோசிப்பான். அவன் முகத்தில் அது ஓடுவது எனக்குத் தெரிந்தது. பத்திரிகைக்காரன் எதற்கு ‘தொந்தரவு பண்ண மாட்டாங்க’ என்கிறான்? யார் பண்ண மாட்டார்கள்? இவன் பேசுவது மாதிரியே பேசுகிற ஒருவர் இந்த மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் சாப்பிட்டாரே? அவன் வாய் திறந்தது.

"இதப் பாரு," என்றான். "என் பொண்டாட்டி யாருன்னு எனக்கே தெரியாது. முப்பத்தொரு வருஷமாக் குடித்தனம் பண்றேன், எங்கிட்டயே சொல்ல மாட்டேங்கறா. தெரிஞ்சாலும் உனக்கு எதுக்குடா சொல்லணும்? அந்தப் பறவை அவளா இருக்கலாம், நானா இருக்கலாம், எங்க வீட்டு அடுப்பா இருக்கலாம். சாப்பிடற நேரத்துல கூப்பிடறியே, உனக்கு வீடு வாசல் இல்லையா? வையிடா போனை!"

அவனே வைத்தான். வைத்த வேகத்தில் பீன்ஸ் தட்டு குலுங்கியது. காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தது.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"இப்பவாவது சொல்லேன்," என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"மாட்டேன் லாக்கி."

"திமிர் பிடிச்சவ."

"ஆமா."

ரொட்டியை என் பக்கம் தள்ளினான். நான் ஒரு துண்டு பிய்த்தேன். வாயில் போடுவதற்குள் போன் மறுபடியும் அடித்தது. நான் எழுந்தேன்.

"உட்காரு," என்றான் லாக்கி. "அது எனக்குத்தான்."